பொறி எங்கே தவறிற்று?

சென்ற வாரத்தில் ஓரிரவு இலண்டனிலிருந்து என் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். என் ஒரே தங்கையின் கணவர் அவர். வழக்கமாக ஊர்ப் புதினங்களையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் தம் கதையைத் தொடங்குவார். அன்று நலம் விசாரிப்பதற்கு முன்னரே ஒரு பெருமூச்சு வந்தது.

"அண்ணை, கார் திரும்பவும் நடுத்தெருவிலை நிண்டிட்டுது" என்றார்.

அவர் குறிப்பிட்டது நாள்தோறும் வேலைக்குச் செல்லும் கார் அன்று. ஆசைக்காக வாங்கி வைத்திருக்கும் பழைய கார். ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்பது அதன் பெயர். 1958ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஆங்கிலேயர் முதன்முதல் வெளியிட்ட சிறிய பந்தயப் பாணி வண்டி. இருவர் மாத்திரம் அமரலாம். முன்விளக்குகள் இரண்டும் மூடியின் மேல் துருத்திக்கொண்டு நிற்பதால், அந்நாட்டார் அதனைத் 'தவளைக்கண்' என்று செல்லமாக அழைப்பர். என் தங்கையோ, "அந்தத் தவளை மழைக்குத்தான் கத்தும், வெயிலுக்கு ஓடாது" என்று கேலி செய்வாள்.

நோய் இதுதான். முதலில், ஓடிக்கொண்டிருக்கும்போது வேகங்கூட்ட மிதித்தால் வண்டி இருமிற்று. இழுத்து இழுத்து ஓடிற்று. மைத்துனர் ஒரு சனிக்கிழமை காலை புதிய கொயில், புதிய கொண்டென்சர், புதிய பொயின்ற், நான்கு பிளக்குகள், புதிய றோட்டர் ஆகிய யாவற்றையும் வாங்கிவந்து ஒரே மூச்சில் மாற்றிவிட்டார். பணமும் போயிற்று, நோயும் போகவில்லை. இருமல் இருந்தபடியே இருக்க, இப்பொழுது இருபது நிமிடம் ஓடியதும் எஞ்சின் அறவே நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் ஆறிய பின்னரே மறுபடியும் உயிர்பெறுகிறது. "எல்லாம் புதிசு அண்ணை, இனி மாத்த ஒண்டுமில்லை" என்று அவர் சலித்துக்கொண்டார்.

நான் கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவன். தூண்டற் சுருளின் விதியைக் கரும்பலகையில் எழுத எனக்குத் தெரியும். அதிலே கணக்குக் கொடுத்துப் புள்ளியிடவும் தெரியும். ஆனால் நடுத்தெருவில் நின்றுபோன வண்டியின் மூடியைத் திறந்து அவ்விதி எந்தக் கம்பியிலே தவறிற்று என்று காட்டச் சொன்னால் திகைத்துத்தான் நிற்பேன். ஆகவே மறுநாள் மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு உரும்பிராயில் இருக்கும் ஒரு பெரியவரைத் தேடிச் சென்றேன். ஊரார் அவரைக் கராஜ்காரர் என்பர். எனக்கு அவர் மாமா முறை. எண்பதைக் கடந்துவிட்டார். கராஜ் பூட்டிக் கிடக்கிறது. ஒஸ்ரின் ஏ-40, ஏ-55 கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய கார்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளை ஆண்ட காலத்தில், அவற்றின் நாடிபிடித்து வைத்தியம் பார்த்தவர் அவர்.

வண்டியின் பெயரைக் கேட்டதும் மாமா சிரித்தார். "அது ஆர் எண்டு நினைச்சாய் தம்பி? மேலை போட்ட சட்டைதான் வேறை. உள்ளுக்கை எங்கடை மொறிஸ் மைனர்தான்" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 என்ற வண்டியில் இருந்த 948 கன சதமமீற்றர் எஞ்சினே இரண்டு கார்புரேற்றர்கள் பூட்டப்பெற்று ஸ்பிறைற்றுக்குள் அமர்ந்தது. அவ்வாறே, எம். ஜி. ஏ. என்ற அழகிய பந்தய வண்டியின் 1489 கன சதமமீற்றர் எஞ்சின், நமது வாடகைக் கார்ச் சாரதிகள் நன்கறிந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வண்டியின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. சீமையிலே சீமான் வீட்டுப் பிள்ளை போலத் திரிந்த வண்டியும், நம்மூரில் வாழைக்குலையும் மாப்பிள்ளையும் ஏற்றித் திரிந்த வண்டியும் ஒரே குடும்பத்தவை. ஆதலின் ஒன்றின் நோயறிந்தவனுக்கு மற்றதன் நோயும் தெரியும்.

நிற்க. நோயைப் பற்றிப் பேசுமுன் உடம்பின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. மாணவர்கள் பொறுமையோடு இப்பகுதியைப் படிக்க வேண்டுகிறேன்.

பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த ஆவியை அழுத்தி, உரிய கணத்தில் ஒரு தீப்பொறியைக் காட்டினால் அது வெடித்தெரிந்து ஆடுதண்டைக் கீழே தள்ளுகிறது. பொறியைத் தருவது பிளக். அதன் இரு முனைகளுக்கும் இடையில் உள்ள வெளி ஒரு மில்லிமீற்றரிலும் குறைவானதே. ஆயினும் அழுத்தப்பட்ட ஆவியினூடே அவ்வெளியை மின் பாய்ந்து கடப்பதற்குப் பல்லாயிரம் உவோற்று வேண்டும். பற்றரியில் இருப்பதோ பன்னிரண்டு உவோற்று. பன்னிரண்டைப் பல்லாயிரமாக்கும் வித்தைதான் கொயிலின் வித்தை.

1831இல் மைக்கேல் பரடே என்ற பேரறிஞர், காந்தப் புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பியில் மின் தூண்டப்படுகின்றது என்று கண்டார். கொயிலுக்குள் தடித்த கம்பிச் சுற்றுச் சில நூறும், மயிர்போன்ற மெல்லிய கம்பிச் சுற்றுப் பல்லாயிரமும் உள்ளன. தடித்த சுற்றில் ஏறத்தாழ நான்கு அம்பியர் மின்னோட்டம் ஓடிக் காந்தப் புலத்தை எழுப்புகின்றது. அவ்வோட்டத்தைத் திடீரென வெட்டினால் புலம் சரிந்து விழும். அந்தச் சரிவில் மெல்லிய சுற்றிலே பேரழுத்தம் பிறக்கின்றது. இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், பொறி பிறப்பது மின்னைக் கொடுக்கும்போது அன்று, நிறுத்தும்போது. வெட்டு எவ்வளவு சடுதியாக நிகழ்கிறதோ, பொறியும் அவ்வளவு வலியதாகும்.

வெட்டும் கத்திதான் பொயின்ற். சுழலும் தண்டொன்றின் புடைப்பு அதன் இரு முனைகளையும் திறந்து மூடுகின்றது. 948 எஞ்சினில் அது திறக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறாக்கினால் அதிற் பதினைந்து கூறளவே. கொண்டென்சர் என்னும் கொள்ளளவி பொயின்றின் முனைகளில் பொறி பறந்து கருகாதபடி காத்து, வெட்டைக் கூர்மையாக்குகின்றது. பிறந்த பேரழுத்தம் டிஸ்ரிபியூற்றரின் நடுவே வந்து, சுழலும் றோட்டரின் வழியாக நான்கு பிளக்குகளுக்கும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற முறையிற் பங்கிடப்படும். எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றினால், ஒரு விநாடியில் நூறு பொறிகள். இவ்வளவையும் ஓர் உள்ளங்கையளவு பெட்டிக்குள் அடக்கினர் சென்ற நூற்றாண்டினர். 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான சாள்ஸ் கெற்றறிங் என்பவர் கடிலாக் கார்களுக்கென வகுத்த இம்முறை, 1970களில் இலத்திரனியல் வந்து பொயின்றை விலக்கும்வரை உலகெங்கும் நிலைத்திருந்தது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. மாமாவிடம் நான் ஏன் ஓடினேன் என்பது அதனாற்றான் விளங்கும்.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருளாயிற்று. இன்றைய மாணவர்களின் பெற்றோருக்கு இவையெல்லாம் நினைவிருக்கும். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை வெளியூரார் நம்பமாட்டார்; ஆனால் ஓடின. அதற்கொரு காரணமும் உண்டு. போருக்குப் பின் 1953 வரையில் இங்கிலாந்தில் விற்கப்பட்ட பொதுப் பெற்றோல் மிகத் தாழ்ந்த தரத்தது. அதன் ஒக்ரேன் எண் ஏறத்தாழ எழுபதுதான். அத்தகைய எரிபொருளுக்கெனத் தாழ்ந்த அழுத்த விகிதத்தோடு வகுக்கப்பட்டவை ஏ-40 போன்ற வண்டிகள். ஆகவே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நமது மண்ணெண்ணெயையும் அவை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. புதிய வண்டிகள் பொறுக்கவில்லை.

ஆயினும் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே முதலிற் சிறிது பெற்றோலைக் கார்புரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்தச் சிறிது பெற்றோலை மருந்துப் போத்தலில் அடைத்து நெய்போலப் பாதுகாத்தனர். மண்ணெண்ணெயில் எஞ்சின் 'தட்டும்' என்பதால் பொறி பிறக்கும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தனர். பிளக்குகளில் கரி படிந்தது. நாள்தோறும் கழற்றித் துடைத்தனர். எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. அதனை அடிக்கடி மாற்றினர். நூல் எழுதப்படாத ஒரு பல்கலைக்கழகம் அது. மாமாவைப் போன்றோர் அதன் பேராசிரியர்கள்.

1993 மார்கழியில் ஒரு மழையிரவு. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்குப் பிரசவ வேதனை தொடங்கிற்று. மருத்துவிச்சி பார்த்துவிட்டு, "இஞ்சை வைச்சிருக்கேலாது, சத்திர சிகிச்சை வேணும், உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். அயல்வீட்டில் ஓர் ஏ-40 இருந்தது. மண்ணெண்ணெய் கிடையாமல் ஒரு வாரமாக மழையில் நின்றது. எங்கிருந்தோ இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தது. பெற்றோல் மருந்துப் போத்தலில் அரைவாசி. சிறிது விட்டு அப்பா கைபிடியாற் சுற்றினார். இல்லை. இன்னுஞ் சிறிது விட்டுச் சுற்றினார். இல்லை. திண்ணையில் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கூடி நின்றவர்கள், "இன்னொருக்காச் சுத்துங்கோ, பிடிக்கும்" என்றனர்.

அப்பொழுதுதான் மாமா நனைந்தபடி ஓடிவந்தார். வந்ததும் செய்த முதற் காரியம், அப்பாவின் கையிலிருந்த பெற்றோல் போத்தலை வாங்கித் தம் மடியிற் சொருகிக்கொண்டதுதான்.

"சுத்தாதேங்கோ. பெற்றோல் போனால் திரும்பி வராது. பொறி இருக்கோ எண்டு முதல் பாப்பம்" என்றார்.

லாந்தரை எட்டத்தில் வைக்கச் சொன்னார். ஹோணை ஒருமுறை மெல்ல அழுத்தினார், அது முனகிற்று. பற்றரியில் உயிருண்டு. டிஸ்ரிபியூற்றரின் நடுக்கம்பியைக் கழற்றி, உலர்ந்த துணியாற் பற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் எட்டப் பிடித்துக்கொண்டு, பொயின்றை விரலாற் தட்டினார். பொறி பறக்கவில்லை. "பிளக்கிலை பிழை தேட வேண்டாம். அங்கை போக முன்னமே வழி அறுந்திருக்குது" என்றார்.

அடுத்து, தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பல்பை எடுத்தார். காரின் ஓர விளக்குப் பல்பு. இரண்டு கம்பிகள் ஒட்டப்பட்டது. ஒரு கம்பியைக் கொயிலுக்கும் பொயின்றுக்கும் இடைப்பட்ட முனையிலும், மற்றதை வண்டியின் இரும்பிலும் வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். பல்பு ஒளிர்ந்தது. அப்பாவிடம் கைபிடியை மெல்ல, மிக மெல்லச் சுற்றச் சொன்னார். பல்பு ஒளிர்ந்துகொண்டே இருந்தது. நான் மகிழ்ச்சியோடு, "மாமா, நல்லாப் பத்துது" என்றேன்.

"அதுதான் பிழை, தம்பி. அணைய வேண்டிய நேரத்திலை அணையாத வெளிச்சம் நல்லதில்லை" என்றார் மாமா.

அன்று எனக்கு அது விளங்கவில்லை. பல ஆண்டுகளின் பின் வகுப்பிலே விளங்கிற்று. பொயின்ற் திறந்திருக்கும்போது மின் பல்பின் வழியே செல்லும், பல்பு ஒளிரும். மூடும்போது மின் எளிதான வழியாகப் பொயின்றினூடே இரும்புக்குச் சென்றுவிடும், பல்பு அணையும். எஞ்சினைச் சுற்றச் சுற்றப் பல்பு மாறி மாறி ஒளிர்ந்து அணைய வேண்டும். அறவே ஒளிராவிட்டால் கொயிலுக்கு மின் வரவில்லை, அல்லது கொயில் அறுந்திருக்கிறது, அல்லது பொயின்ற் எங்கோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அணையாமலே ஒளிர்ந்தால், பொயின்ற் மூடுவதுபோல் தோன்றினும் மின்னைக் கடத்தவில்லை. ஒரு வார மழையின் ஈரத்தில் அதன் முனைகளிற் படலம் பூத்திருந்தது.

மாமா தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைச் சிறு துண்டாகக் கிழித்து, முனைகளுக்கிடையே செருகி நாலைந்து முறை இழுத்தார். பின் தூய கடதாசித் துண்டொன்றை இழுத்துத் தூசு போக்கினார். என் கையிலிருந்த பல்பு கண் சிமிட்டத் தொடங்கிற்று. நடுக்கம்பியின் நுனியில் நீலப் பொறி 'சடக்'கென்று பறந்தது. பிளக்குகள் நான்கையும் கழற்றி, கரி துடைத்து, அடுப்பங்கரையில் அனல் காட்டிச் சூட்டோடு பூட்டினார். அப்பாவைப் பார்த்து, "பெருவிரலைக் கைபிடியிலை சுத்திப் பிடியாதேங்கோ. திருப்பி அடிச்சால் முறிஞ்சு போகும்" என்று எச்சரித்தார். அதன்பின்னரே மடியிலிருந்த போத்தலை எடுத்தார். கடைசிக் கரண்டியளவு பெற்றோல். இரண்டாஞ் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கால் மணித்தியாலந்தான் சென்றிருக்கும். அன்று விடியுமுன்னர், மின்பிறப்பாக்கியின் வெளிச்சத்தில் நடந்த சத்திர சிகிச்சையில் என் தங்கை பிறந்தாள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் நிச்சயமில்லை என்று வைத்தியர் அப்பாவிடம் கூறினாராம். அந்தத் தங்கையின் கணவர்தாம் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தவர்.

அந்த இரவைப் பற்றி நான் பலமுறை சிந்தித்திருக்கிறேன். கூடி நின்ற அனைவரும் நல்லவர்கள். எல்லோரும் உதவ விரும்பினர். 'இன்னொருக்காச் சுத்துங்கோ' என்ற அவர்களுடைய சொல்லைக் கேட்டிருந்தால் பெற்றோல் முடிந்திருக்கும். முயற்சி வேறு, சோதனை வேறு. முயற்சி ஒவ்வொன்றும் கையிருப்பைச் செலவழிக்கின்றது. சோதனை ஒவ்வொன்றும் அறியாமையைச் செலவழிக்கின்றது. கையிருப்புக் குறைவாக உள்ளவன் முயற்சிக்கு முன் சோதனையைச் செய்ய வேண்டும். ஏழை நாட்டாருக்கும், தேர்வு மண்டபத்தில் நேரம் குறைந்த மாணவனுக்கும், நோயாளியின் அருகிலிருக்கும் வைத்தியனுக்கும் இது பொருந்தும்.

இனி இலண்டன் நோய்க்கு வருவோம்.

மாமா என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். முதலாவது: "சாமான் மாத்த முன்னம் என்ன வருத்தம்? மாத்தின பிறகு என்ன வருத்தம்?" நான் சொன்னேன். "அப்ப இது ஒரு வருத்தமில்லை, இரண்டு. ஒண்டு பழசு. மற்றது மருந்தாலை வந்தது" என்றார். இரண்டாவது: "இருமல் எப்ப வருது? நிண்டபடி முறுக்கினாலோ, ஓடேக்கை மிதிச்சாலோ?" மூன்றாவது: "கழட்டின பழைய சாமானை எறிஞ்சு போட்டாரோ, வைச்சிருக்கிறாரோ?"

அவருடைய ஆராய்ச்சி இவ்வாறு சென்றது. டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்ற் அமர்ந்திருக்கும் தட்டு, எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்பச் சிறிதளவு அசையும். பொறியை முந்தவோ பிந்தவோ செய்வதற்காக அவ்வாறு வகுக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் சிறு கம்பியொன்று அத்தட்டோடு சேர்ந்து வளைந்து வளைந்து அசைகின்றது. அறுபது ஆண்டுகள் வளைந்த கம்பி, மேலுறை அழியாமலே உள்ளே இழை இழையாக அறுந்திருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும். மிதிக்கும்போது தட்டு அசைய, ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகும். அதுவே இருமல். மைத்துனர் எல்லாவற்றையும் மாற்றினார்; கடையில் விற்கும் பொட்டலத்துள் இல்லாத அந்தக் கம்பியை மாத்திரம் மாற்றவில்லை.

இரண்டாவது நோய் புதிய றோட்டரில் இருக்கலாம் என்றார் மாமா. றோட்டரின் தலையில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதற்கும் கீழேயுள்ள இரும்புத் தண்டுக்கும் இடையில் பேரழுத்தத்தைத் தடுக்கும் காவற் பொருள் இருக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கென இக்காலத்திற் செய்யப்படும் பிரதிகள் சிலவற்றில் அப்பொருள் தரங்குறைந்தது. சூடேறியதும் பொறி பிளக்குக்குச் செல்லாமல் றோட்டரைத் துளைத்துக்கொண்டு தண்டுக்குள் இறங்கிவிடும். சோதிப்பது எளிது. எஞ்சின் நின்ற சூட்டோடு மூடியைக் கழற்றி, கொயிலிலிருந்து வரும் நடுக்கம்பியை உலர்ந்த காவற் பிடியாற் பற்றி, றோட்டரின் பித்தளைக்குச் சற்று மேலே பிடித்துப் பொயின்றைத் திறக்கவேண்டும். நல்ல றோட்டராயின் பொறி பாயாது, செல்ல வழியில்லை. பாய்ந்தால் றோட்டர் ஒழுகுகிறது. இங்கும் பாருங்கள்: பொறி பறக்காததே நலத்தின் அடையாளம்.

இந்தச் சோதனைகளைச் செய்ய விரும்பும் இளைஞருக்கு ஓர் எச்சரிக்கை. வெறுங்கையால் அக்கம்பியைத் தொடலாகாது, அது தூக்கியடிக்கும். இருதய நோயுள்ளோர் அருகே செல்லவே கூடாது. திறந்த பெற்றோல் பக்கத்தில் இருத்தலாகாது. ஈரக் கையோடும் செய்யலாகாது. தெரிந்தவர் ஒருவர் அருகில் இன்றிப் பாடசாலைப் பிள்ளைகள் இதனைச் செய்ய வேண்டாம்.

அன்றிரவே மைத்துனருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு நேரத்திலை ஒண்டு மாத்திரம் செய்யட்டாம். செய்துபோட்டு ஓடிப் பாக்கட்டாம். பிறகுதான் மற்றது" என்ற மாமாவின் கட்டளையையும் சொன்னேன். நல்லவேளை, கழற்றிய பழைய பொருள்களை அவர் ஒரு பெட்டியில் இட்டு வைத்திருந்தார்.

வீடு திரும்பியபின் எனக்கொரு வேடிக்கை தோன்றிற்று. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோய் எதுவென்று அறிந்து, அந்நோய் பிறந்த காரணத்தை அறிந்து, அதனைத் தணிக்கும் வழியையும் அறிந்து, பின் பொருந்தும்படி மருத்துவம் செய்யவேண்டும் என்கிறார். அக்குறளை நம் பிள்ளைகள் ஒப்புவிப்பர். ஆனால் அது எத்தனையாவது குறள் என்று எண்ணியவர் சிலரே. தொளாயிரத்து நாற்பத்தெட்டாவது குறள். மைத்துனரின் எஞ்சினும் 948! தற்செயலான ஒற்றுமைதான், அதிலே மறைபொருள் எதுவும் இல்லை. ஆயினும் அந்த வரிசை மிக முக்கியமானது. வள்ளுவர் செய்கையைக் கடைசியில் வைத்தார். மைத்துனர் அதனை முதலில் வைத்தார். நம்மிற் பெரும்பாலோர் அவ்வாறே செய்கிறோம். பிள்ளைக்குக் கணிதத்திற் புள்ளி குறைந்தால் ரியூசன் ஆசிரியரை மாற்றுகிறோம்; இரண்டாவது ரியூசனும் சேர்க்கிறோம்; புத்தகத்தையும் மாற்றுகிறோம். பிள்ளைக்கு எந்த இடத்தில் தொடர்பு அறுந்தது, பின்னத்திலா, எதிர்க்குறியிலா என்று பல்பு வைத்துப் பார்ப்பவர் எத்தனைபேர்? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், பழைய நோய் மறைந்து நிற்கும். புதிய நோய் அதன்மேல் ஏறி அமரும்.

நான்கு நாட்களின் பின் மைத்துனர் மீண்டும் அழைத்தார். பழைய றோட்டரைப் பூட்டினாராம். ஒரு மணித்தியாலம் ஓடியும் வண்டி நிற்கவில்லை. அதன் பின்னரே அந்தச் சிறு கம்பியைக் கழற்றி வளைத்துப் பார்த்தாராம். உள்ளே இரண்டே இழைகள் மிஞ்சியிருந்தன. புதுக்கம்பி இட்டார். இருமலும் நின்றது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மறுநாள் மாமாவின் வீட்டிலிருந்து நான் அவர்களை அழைத்தேன். எஞ்சினை ஓடவிட்டுத் தொலைபேசியை அருகிலே பிடிக்கச் சொன்னார் மாமா. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். "நல்லாயிருக்குது. நிண்டு ஓடுற வேகம் கொஞ்சம் கூட. குறைக்கச் சொல்லு" என்றார். பிறகு என் தங்கை பேசினாள். "பிள்ளை, சுகமே?" என்று கேட்டதற்கு மேல் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை.

அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கின்றனர். அந்தப் பல்பு, ஒட்டப்பட்ட அதே இரண்டு கம்பிகளோடு, கராஜ் சுவரில் ஆணியொன்றிலே தொங்குகிறது. இன்றைய வண்டிகளில் பொயின்ற் இல்லை. கணினியைப் பொருத்தினால் அதுவே பிழையின் எண்ணைக் கூறிவிடுகிறது. ஆகவே அவருடைய வித்தை இனி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கணினி கூறும் எண்ணும் ஒரு குறிப்புத்தான். அந்த எண்ணைக் கண்டதும் பொருளை மாற்றுபவன் மைத்துனரின் வழியிற் செல்கிறான். ஏன் அந்த எண் வந்தது என்று கேட்பவன் மாமாவின் வழியிற் செல்கிறான். பொயின்ற் போகலாம், கேள்வி போகலாகாது.

அடுத்த சனிக்கிழமை முதல் என் வகுப்பு மாணவர் மூவர் என்னோடு உரும்பிராய்க்கு வருகின்றனர். மாமா சொல்வதை ஒருவன் எழுத, மற்ற இருவரும் கையால் செய்து பார்ப்பர். கராஜின் மூலையில் நெடுநாளாகத் துணிமூடி நிற்கும் மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. அதனை ஓடச்செய்வதா என்று கேட்டேன். "முதல் அது ஏன் ஓடேல்லை எண்டு கண்டுபிடிக்கட்டும்" என்றார் மாமா.